மேடை இல்லாத கல்யாணம்

கல்யாணம் நிச்சயமானதும் நான் முதலில் தேடியது புடவையோ நகையோ இல்லை, மேடை இல்லாத இடம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நான் ஏறி இறங்கிய மண்டபங்கள் எல்லாவற்றிலும் மேடை இருந்தது. ஒரு மண்டபத்தில் மேனேஜர் பெருமையோடு, "முப்பது பேர் தாராளமா நிக்கலாம் மேடம், பின்னாடி எல்.இ.டி. ஸ்கிரீன் வேற இருக்குது" என்றார். "இதை எடுத்துட முடியுங்களா?" என்று கேட்டேன். ஸ்கிரீனையா என்றார். மேடையை என்றேன். அதற்கப்புறம் அந்த ஆள் என் போனை எடுக்கவே இல்லை.

காரணம் அம்மா. அப்பா போன பிறகு அம்மா எந்தக் கல்யாணத்திலும் மேடை ஏறியதில்லை. ஏறாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அவரோடு சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருப்பேன். சண்டை எனக்கு நன்றாக வரும். ஆனால் இது அம்மாவே தனக்குப் போட்டுக்கொண்ட வேலி. கல்யாண வீட்டுக்கு வருவாள், வாசலில் நின்று எல்லோரையும் வாங்க என்பாள், பந்தியில் இலை இலையாக விசாரிப்பாள். முகூர்த்த நேரம் நெருங்கினால் மட்டும் ஆளைக் காணாது.

அக்கா கல்யாணத்திலும் அப்படித்தான். கெட்டிமேளம் கொட்டியபோது மேடையில் இருந்தபடி கூட்டம் முழுக்க அம்மாவைத் தேடினேன். அட்சதை போட்ட கைகளில் அம்மாவின் கை இல்லை. எல்லாம் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால், சமையல்கட்டில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சாம்பார் எப்போதோ கொதித்து இறக்கியாகிவிட்டது. அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. "தாலி ஏறிடுச்சா?" என்று என்னைக் கேட்டாள். பெற்ற மகளுக்குத் தாலி ஏறியதை அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அக்காவின் ஆல்பத்தில் தாலி கட்டும் படங்கள் ஒன்றில்கூட அம்மா கிடையாது. அக்கா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவள் சுபாவம் அப்படி, என் சுபாவம் அப்படி இல்லை. என் கழுத்தில் தாலி ஏறுகிறபோது அம்மா என் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் நேராகவே கேட்டேன். அம்மா சீசனுக்கு மாங்கூழ் கம்பெனியில் வேலைக்குப் போகிறவள். அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தாலி கட்டும்போது நீ மேடைல வந்து நில்லும்மா."

"அதெல்லாம் ஒங்க மாமனும் அத்தையும் நிப்பாங்க. தாரை வார்க்கறதும் அவங்கதான்."

"தாரை அவங்க வார்க்கட்டும். நான் ஒன்னயத்தான நிக்கச் சொல்றன்?"

"எங்க நின்னா என்னாடி, பெத்தவ மனசு அங்கதான இருக்கும்."

"மனச போட்டோ புடிக்க முடியாதும்மா."

"போட்டோவுக்கா கல்யாணம் பண்ணிக்கற?" என்று கேட்டுவிட்டு முறத்தை வேகமாகத் தட்டினாள். அதற்கு அர்த்தம், பேச்சு முடிந்தது, எழுந்து போ.

எழுந்துதான் போனேன், ஆனால் மனது அடங்கவில்லை. நான் வேலை பார்ப்பது ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். கையில் வருகிற ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் புத்தி கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் போகாது. அம்மா சொன்னதை அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேடை ஏற மாட்டேன் என்கிறாள். அப்படியென்றால் மேடையே இல்லாத இடத்தில் கல்யாணம் வைத்தால்? ஏறுவதற்கு ஒன்று இருந்தால்தானே ஏற மாட்டேன் என்று சொல்ல முடியும்? பஸ் நிற்பதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். டிரைவர் திட்டினார்.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ். வேப்பனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், மேலதிகாரியிடம் கன்னடம். தனியாக இருந்தால் நான் அவரை "நீ" என்பேன், அம்மா காதில் விழுகிற தூரத்தில் "நீங்க". அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "எங்க மாந்தோப்புல வச்சிக்கலாமே. ஆவணில காய் எல்லாம் எறக்கி முடிஞ்சிருக்கும், எடம் காலியாத்தான் கெடக்கும்" என்றார். "எல்லார்கிட்டயும் இதுதான் இப்ப டிரெண்டுன்னு சொல்லிக்கலாம்." அந்த நிமிடம்தான் இந்த ஆளைக் கட்டிக்கொள்வது சரியான முடிவு என்று எனக்கு நிச்சயமானது.

டிரெண்டுதான், பொய் இல்லை. பெங்களூர்ப் பக்கத்துக் கல்யாண வீடியோக்களில் பார்த்திருந்தேன். தலைக்கு மேல் பந்தல் வளைவு எதுவும் கிடையாது. புல்தரையில் மணை போட்டு, அதைச் சுற்றித் தரையிலேயே பூவை வளையமாக அடுக்கிவிடுகிறார்கள், அங்கேயே முளைத்து வளர்ந்த பாத்தியைப் போல. பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு நடுவில் உட்கார்கிறார்கள். எல்லாமே தரைமட்டம். எனக்கு வேண்டியதும் தரைமட்டம்தான். பூ எனக்கு ஒரு சாக்கு.

சொந்தக்காரர்கள் மத்தியில் என் பெயர் கெட்டது. ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப் போனவள் என்றார்கள். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, மேடை இல்லாததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பூதான் உறுத்தியது. "தரையில பூ கொட்டறது எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு யாராச்சும் அத பண்ணுவாங்களா?" என்று குதித்தார். தெரியும். எங்கள் தெருவில் பாடை போன பிறகு தார்ரோடு முழுக்கச் சாமந்தி ஒட்டிக்கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். "கொட்டல மாமா, நட்டு வெக்கறாங்க. யாரு காலும் படாது" என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பூ வேலைக்கு ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் கிடைத்தார். கன்னடக்காரர். நல்ல வேலைக்காரர், நல்ல மனுஷன். தமிழ் பேசுவார், ஆனால் அது அவருடைய சொந்தத் தமிழ். நான் அவரிடம் கன்னடம் பேசினால் அதுவும் என் சொந்தக் கன்னடம். இந்த எல்லையில் எல்லோரும் இப்படித்தான் பிழைக்கிறோம், பாதி காதால் கேட்டு மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். பெரும்பாலும் சரியாகவே நிரப்பிவிடுகிறோம்.

தோப்புக்கு வந்து இடம் பார்த்தார். வெள்ளைச் சாமந்தி, மஞ்சள் சாமந்தி, அடியில் செண்டுமல்லி, இடையிடையே பசுமைக்குடில் ரோஜா. தரையில் முளை அடித்து, கம்பி வலையை வளையமாகக் கட்டி, அதற்குள் ஈர ஸ்பாஞ்சை வைத்துப் பூவைக் குத்துவது. முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முன்பக்கம் வழி. ஐயரும் நாங்களும் தாரை வார்க்கிற மாமா அத்தையும் அதன் வழியாகத்தான் உள்ளே போவோம். வீடியோக்காரரும் ஆரத்தித் தட்டும் ஊர்க் கண்களும் அங்கேதான் இருக்கும். அம்மாவைக் கொன்றாலும் அந்த வழியாக வரமாட்டாள், அவளுக்கு அது மேடைப் படி மாதிரிதான்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். நான் உட்காரப்போகும் பக்கத்தில், தோப்பின் மோட்டார் ரூம் இருக்கிற திசையில், வளையத்தில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்ல நினைத்தேன். ஒரு ஆள் நிற்கிற அளவு வெறும் புல். அம்மாவை அங்கே வந்து நிற்க வைத்துவிட்டால் போதும். ஏற வேண்டாம், நுழைய வேண்டாம். புல்தரையில் சும்மா நிற்பாள், நான் கையை நீட்டினால் அவள் முந்தானை எட்டும். தான் உள்ளே நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடித்ததற்கு என்னை நானே எத்தனை முறை மெச்சிக்கொண்டேன் என்று சொன்னால் வெட்கம்.

பூக்கார அண்ணனுக்குப் போன் பண்ணியபோது ஷிப்டு முடிந்து கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். நின்றிருந்தேன் என்பதுகூடத் தப்பு, போன் பேசும்போது எனக்குக் கால் நிற்காது, பஸ்களுக்கு நடுவில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரே ஹாரன் சத்தம். "அண்ணா, மோட்டார் ரூம் பக்கம் மிச்சம் விட்ருங்க, மறந்துடாதீங்க" என்று கத்தினேன். "மோட்டார் ரூம் பக்கா, ஆய்த்து மேடம், ஆய்த்து" என்றார். ஆய்த்து என்றால் ஆயிற்று. நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளிலிருந்து என்னை யாரும் வெளியே விடவில்லை. தோப்பை ஒட்டி இருக்கிற அவர்களுடைய ஓட்டு வீட்டில் ஒரு அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். மேகம் வேறு மூடிக்கொண்டு நின்றது. மழை வந்தால் என்ன, சேறானால் என்ன, அம்மா வந்து நிற்பாளா, கடைசி நேரத்தில் சமையல் பக்கம் நழுவிவிடுவாளா என்று எனக்கு ஒரு நொடி இருப்புக் கொள்ளவில்லை. மருதாணிக் கையை விரித்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். "கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கற? கூண்டுல அடைச்ச கரடி மாதிரி இருக்கற" என்றாள் அக்கா. அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், போய்விட்டாள். முகூர்த்தத்தின்போது மோட்டார் ரூம் பக்கம் வந்து நிற்கும்படி அக்காவை விட்டு அவளிடம் சொல்லச் சொன்னேன். "அங்க வெயில் படாது, நின்னு பாக்கலாம்மான்னு சும்மா சொல்லு" என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன். அம்மா சரி என்றாளாம்.

காலையில் மழை இல்லை. கூறைப்புடவை கட்டி, மாலை போட்டு, தலை நிறைய மல்லிகை வைத்து அழைத்துக்கொண்டு போனார்கள். தலையைக் குனிந்துகொண்டு நட என்று அத்தை முதுகில் குத்தினார். நான் நிமிர்ந்து மோட்டார் ரூம் பக்கத்தைப் பார்த்தேன்.

மூடியிருந்தது. மற்ற பக்கமெல்லாம் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம்தான் இருந்த பூ, அந்த ஒரு பக்கம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு அடர்த்தியாக, இரண்டு வரிசையாக, எறும்பு நுழைய இடமில்லாமல் நின்றது. அழகாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்த வளையத்திலும் அந்தப் பக்கம்தான் அழகு.

பூக்கார அண்ணன் முன்வழிக்குப் பக்கத்தில் நின்று தன் வேலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மேடம், பைப்பு, வால்வு ஒண்ணும் காணல்ல பாருங்க" என்றார்.

"அங்க எடம் விடச் சொன்னேன்ல?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீவே ஹேளித்ரல்லா மேடம், முச்சிபிடி அந்தா!"

எனக்கு விளங்க ஒரு நொடி ஆனது. நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். கன்னடத்தில் முச்சிபிடி என்றால் மூடிவிடு. நான் மிச்சம் விட்ருங்க என்று கத்தியது அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. அதுவும் மோட்டார் ரூம் பக்கம். துருப்பிடித்த பைப்பும் பாசி படிந்த தொட்டியும் இருக்கிற இடத்தை மூடச் சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள் என்று அவரும் நம்பியிருக்கிறார். யார்மேல் கோபப்படுவது? அவர்மேலும் பட முடியாது, என்மேலும் பட முடியாது. கோபம் மட்டும் வந்துவிட்டது, போக இடமில்லாமல் நின்றது. பிரிக்கச் சொன்னேன். கம்பி எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது, ஒரு பக்கம் இழுத்தால் மொத்தமும் சாயும் என்றார். ஐயர் நேரமாகிறது என்று கூப்பிட்டார். அத்தை என்னைத் தள்ளிக்கொண்டுபோய் மணையில் உட்கார வைத்தார்.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "என்னாச்சு?" என்று உதடு அசையாமல் கேட்டார். "பூ" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், அதற்குள் ஐயர் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி அவர் கையில் தர்ப்பையைக் கொடுத்தார். மாமாவும் அத்தையும் தாரை வார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீர் கையில் விழுந்தது.

அப்போது அம்மா வந்தாள். சொன்ன மாதிரியே மோட்டார் ரூம் பக்கமாகத்தான் வந்தாள். அக்கா எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவை, நெற்றியில் விபூதி. பூ வரிசைக்கு அந்தப் புறம் வந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். வா என்று கண்ணால் கூப்பிட்டேன். தலையை ஆட்டினாள். கையால் கூப்பிட்டேன். அம்மா பூவைக் காட்டினாள்.

"மேடை இல்லாட்டி என்னாடி, அதான் பூ இருக்குதே" என்று மெதுவாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் மேடையை ஏன் ஒழித்தேன் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஒருவேளை அவளும் ஆசைப்பட்டிருப்பாளோ?

ஐயர் தாலித் தட்டை எடுத்து ஒவ்வொருவரிடமும் காட்டச் சொன்னார். தட்டு கூட்டத்துக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. அம்மா மெல்லத் திரும்பி, சமையல் நடந்த கொட்டகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

நான் எழுந்துவிட்டேன்.

திட்டம் போட்டு எழுந்தாள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சுத்தப் பொய். எனக்கு அந்த நேரத்தில் திட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொட்டகைக்குள் புகுந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வரப் போகிறேன், அவ்வளவுதான் தெரியும். கூறை கட்டி மணையில் உட்கார்ந்த பெண் தாலி ஏறுமுன் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் அந்தக் கல்யாணமே விளங்காது என்பார்கள் எங்கள் பக்கத்தில். தெலுங்கிலும் அப்படித்தான் போலிருக்கிறது, கன்னடத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. முழங்கால் மணையை விட்டு எழும்பியதுதான் தாமதம், தோப்பே கத்தியது.

"ஒக்காரு! ஒக்காரு!" என்று மாமா. "கூச்சோம்மா, கூச்சோ!" என்று மாமியார். முன்வழியிலிருந்து பூக்கார அண்ணன் தன் பங்குக்கு, "மேடம், கூத்கொள்ளி!" மாப்பிள்ளை என் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டார். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாரே தவிர நகரவில்லை.

சத்தம் கேட்டு அம்மா திரும்பினாள். பாதி எழுந்து நிற்கிற என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இல்லை.

"ஏ, எந்திரிக்காதடி! பாவி, ஒக்காருடி!"

ஓடி வந்தாள். முன்வழியைப் பற்றி அவளுக்கு நினைப்பே இல்லை. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூவுக்குள் நேராகக் காலை வைத்தாள். ஈர ஸ்பாஞ்ச் சளக்கென்று நசுங்கியது. கம்பியில் புடவை மாட்டியது, ஒரே இழுப்பு, கிழிந்தால் கிழியட்டும் என்று இழுத்தாள். சாமந்தி நாலாபக்கமும் தெறித்தது. இரண்டு வரிசையையும் மிதித்துத் தாண்டி வந்து, என் தோள் இரண்டையும் பிடித்து, மாவு மூட்டையை இறக்குகிற மாதிரி மணையில் அழுத்தி உட்கார வைத்தாள். மூச்சு வாங்கியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் ஐயர், அவர் எதைப் பார்த்தாரோ, கடிகாரத்தைப் பார்த்தாரோ, அம்மாவைப் பார்த்தாரோ, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கையை உயர்த்திவிட்டார்.

மேளம் பொழிந்தது. அட்சதை வந்து விழ ஆரம்பித்தது. மாப்பிள்ளை தாலியை என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். மாலையும் சடையும் மல்லிகையும் சேர்ந்து பிடரியில் இடமே இல்லை, அவர் விரல்கள் தடுமாறின. முடிச்சுப் போட வந்த நாத்தனார், "சடய யாராச்சும் தூக்குங்க" என்றாள். அது அத்தை செய்ய வேண்டிய வேலை, சுமங்கலி செய்ய வேண்டிய வேலை. அத்தை எழுந்து வந்திருப்பார். ஆனால் அம்மா ஏற்கெனவே தூக்கிவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. பள்ளிக்கூடம் போகிற நாளெல்லாம் எனக்குத் தலை பின்னிய கை, சடையை இறுகப் பிடித்துத் தூக்கி, மாலையை ஒதுக்கி, "இந்தாங்க, இப்பிடி வுட்டுக் கட்டுங்க" என்று மாப்பிள்ளைக்குக் கழுத்தைக் காட்டிக் கொடுத்தது. முதல் முடிச்சு விழுந்தது.

தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போனேன்.

"அசையாதடி" என்றாள், காதோடு. "முடிச்சு சரியா வுழட்டும்."

நான் அசையவில்லை.